வாசலில் யார் நிற்கிறார்கள்

கனகம்மாசத்திரத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால், சாலையின் எந்தப் பக்கம் நிற்பது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் நின்றால் திருத்தணி. அங்கே முருகன் பெயரிலேயே ஓர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அதே திசையில் இன்னும் போனால் நகரி, புத்தூர், திருப்பதி. எதிர்ப்பக்கம் நின்றால் திருவள்ளூர், அங்கிருந்து மின்சார ரயில் பிடித்துச் சென்னை. அரக்கோணம், வேலூர் என்று தெற்கும் மேற்குமாகப் போகிறவர்களும் உண்டு. மார்க், ஜாதிச் சான்றிதழ், அப்பாவின் கரும்புப் பாக்கி, அக்கா புருஷன் சொன்ன யோசனை எல்லாம் கூடித்தான் அந்தப் பக்கத்தைத் தீர்மானிக்கின்றன. பிள்ளையின் விருப்பமும் அதில் எங்கோ இருக்கும்.

ஜூன், ஜூலை மாதக் காலைகளில் இந்தப் பக்கத்து பஸ் நிறுத்தங்களில் புது முகங்களைச் சுலபமாக அடையாளம் காணலாம். பை புதிதாக இருக்கும். அதில் தேவைக்கு மேல் நோட்டுகள் இருக்கும். டைம் டேபிள் இன்னும் கொடுத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் எல்லாப் பாடத்துக்கும் ஒரு நோட்டு. பள்ளிக்கூடம் பழக்கிய பத்திரம் அது.

அந்தப் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிளஸ் டூவின் இரண்டு வருடமும் ஒரு பிள்ளையை ஊரே சுமக்கிறது. கைடு, ஒரு மார்க் கேள்வித் தொகுப்பு, காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் டெஸ்ட். ஒரு நாள் வரவில்லையென்றால் வாத்தியார் வீட்டுக்குப் போன் செய்வார். ரிசல்ட் அன்று 600க்கு எத்தனை என்று டீக்கடையில்கூடக் கேட்பார்கள். பிறகு ஒரே மாதத்தில் இத்தனையும் நின்றுபோகிறது. கல்லூரியில் வந்தாலும் வராவிட்டாலும் கேட்க ஆளில்லை. வருகைப் பதிவு குறைந்தது ஹால் டிக்கெட் வாங்கப் போகும்போது தெரிகிறது. இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75 என்ற கணக்கு புரிவதற்குள் முதல் இன்டர்னல் முடிந்திருக்கிறது. நவம்பரில் செமஸ்டர் தேர்வு. அதன் முடிவு வரும்போது ‘அரியர்’ என்ற புதுச் சொல் வீட்டுக்குள் நுழைகிறது.

“அரியர்னா பெயிலா?”

“பெயில் இல்லப்பா. திரும்ப எழுதிக்கலாம்.”

“அப்ப பாஸா?”

“பாஸும் இல்லப்பா.”

இந்த உரையாடல் நடக்காத வீடு இந்தத் தாலுகாவில் குறைவு. தன் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போன பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழும், தொழிற்படிப்பென்றால் கல்விக் கட்டணச் சலுகையும் அரசு தருகிறது. அரியரை அப்பாவுக்கு விளக்குவது எப்படி என்று அந்தச் சான்றிதழின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதில்லை.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மொழியும் கொஞ்சம் சிக்கலான விஷயம். மாநில எல்லை வீடுகளுக்குள்ளேயே ஓடுகிறது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போயிற்று. திருத்தணியைத் திரும்பக் கேட்டுத் தமிழரசுக் கழகத்து ம.பொ.சி.யும் அவரோடு நின்றவர்களும் போராடினார்கள். எல்லைத் தகராறில் படாஸ்கர் தீர்ப்பு வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில், 1954இல், திருப்பதியில் ஸ்ரீவேங்கடேசுவரா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் கோடு எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து, ஒரே தெருவில் ஆறேழு வருட இடைவெளியில் பிறந்த அண்ணனும் தம்பியும் வேறு வேறு ஊர்களைப் பார்த்துப் படித்திருக்கலாம். இன்றைக்கும் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கல்லூரி வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்று படி ஏறுகிற பிள்ளைகள் இங்கே ஏராளம். அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பிரிவு இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியிலும் வைத்திருக்கிறது. ஆனாலும் அறிவியல், வணிகவியல் வகுப்புகளில் பாதிப் பேர் ஆங்கிலத்தைக் காதால் கேட்டு, கையால் எழுதி, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு முதல் செமஸ்டரைக் கடக்கிறார்கள். சென்னைக்குப் போனவனுக்கு இன்னொன்றும் நடக்கும். அவன் பேசும் தமிழிலேயே தெலுங்கு ராகம் இருக்கிறதென்று பக்கத்து பெஞ்சு சிரிக்கும்.

ஆங்கிலம் இரண்டாம் வருடத்தில் எப்படியோ வந்துவிடுகிறது. வாய் திறந்து கேட்கும் தைரியம் முதல் வருடத்தில் போனால் பலருக்குத் திரும்பி வருவதே இல்லை. என் கணிப்பில் முதல் வருடத்தின் உண்மையான நஷ்டம் அதுதான். அந்த நஷ்டம் வருமா வராதா என்பது பிள்ளையின் மார்க்கை விட, கல்லூரியில் அவனை முதலில் எதிர்கொள்வது யார் என்பதைப் பொறுத்திருக்கிறது.

இந்த ஊர்ப்பக்கத்திலிருந்து போன மிகப் பிரபலமான மாணவரையே எடுத்துக்கொள்வோம். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திருத்தணியில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தவர். தெலுங்கு பேசும் எளிய குடும்பம். திருத்தணியில் தொடக்கப் பள்ளி, பிறகு திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் வூர்ஹீஸ் கல்லூரி, கடைசியில் சென்னை கிறித்தவக் கல்லூரி. அவர் தத்துவம் படித்ததற்கான காரணத்தை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அது ஞானத் தேடல் அல்ல. பட்டம் முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் தத்துவப் பாடப்புத்தகங்களை இவருக்குக் கொடுத்தார். புத்தகம் வாங்கப் பணமில்லாத பையனுக்குப் பாடம் அதோடு முடிவாயிற்று. பின்னாளில் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகவும் நாட்டின் குடியரசுத் தலைவராகவும் ஆனவரின் வாழ்க்கையில், முதல் வாசலில் நின்றவர் பழைய புத்தகக் கட்டோடு வந்த ஓர் அண்ணன்.

அந்தக் காலத்தில் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குப் போகவில்லை, அது 1937இல்தான். அப்போது ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. பச்சையப்பன் கல்லூரியும் அதே வட்டாரத்தில்தான் இருந்தது. சேத்துப்பட்டுக்கு மாறியது பிற்பாடு. 1906இல் ராதாகிருஷ்ணன் கிறித்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறார். அதே வருடம், நடந்து போகும் தூரத்தில், அவரை விட எட்டரை மாதம் மூத்த ஒரு கும்பகோணத்துப் பையன் பச்சையப்பனில், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பில் சேர்கிறான். அது அவனுக்கு இரண்டாம் முறை. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர வேறெதையும் தொடாமல், ஆங்கிலத்தில் தவறி, உதவித்தொகையை இழந்து, 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறியவன். பச்சையப்பனிலும் உடலியங்கியல் அவனை வீழ்த்தியது. 1907இல் தனித்தேர்வராக எழுதினான், அப்போதும் தேறவில்லை. சீனிவாச ராமானுஜன் என்ற பெயர் பிறகு உலகத்துக்குத் தெரிந்தது. கல்லூரியின் பதிவேட்டில் அது எஃப்.ஏ. பெயில்.

ராமானுஜனின் மேதைமையை வைத்து மற்ற மாணவர்களைப் பேசக் கூடாது என்பார்கள். சரிதான். ஆனால் அவருக்கு முதல் வருடம் இன்னொரு தடவையும் வாய்த்தது, அதைக் கவனிக்கலாம். 1914 ஏப்ரலில் அவர் லண்டனில் இறங்கியபோது ஈ.எச். நெவில் என்ற இளம் கணித ஆசிரியர் காரோடு போய் அழைத்து வந்தார். ஜூன் வரை கேம்பிரிட்ஜில் ராமானுஜன் தங்கியது நெவிலும் அவர் மனைவியும் குடியிருந்த வீட்டில். அதன் பிறகே டிரினிட்டி கல்லூரி அறை. சாப்பாடு, குளிர், போர் எல்லாம் பின்னால் வந்து அவரை உருக்குலைத்தன, உண்மை. ஆனால் கும்பகோணத்தில் சொந்த மொழிக்கும் சொந்தச் சோற்றுக்கும் நடுவே ஓடிப்போனவர், முற்றிலும் அந்நியமான ஊரில் முதல் வருடம் ஓடவில்லை, வேலை செய்தார். இறங்கிய இடத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு காலத்தில் இந்த வாசலை நாம் ஒரு வகுப்பாகவே வைத்திருந்தோம். புகுமுக வகுப்பு, பி.யு.சி. பள்ளியில் பதினோரு வருடம் முடித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்கள் கல்லூரிக்குள் ஒரு வருடம் அதைப் படித்துவிட்டுத்தான் பட்டப்படிப்புக்குப் போக வேண்டும். அதை நினைத்து ஏங்குகிற பெரியவர்களை எனக்குத் தெரியும். நான் அவ்வளவு ஏங்க மாட்டேன். கிராமத்துப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் சுங்கச் சாவடியாகவும் அது வேலை செய்தது. ‘பி.யு.சி. பெயில்’ என்பது ஒரு தலைமுறைக்கே பட்டமாக இருந்தது. மளிகைக் கடைக் கணக்கு எழுதவும் டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழிக்கவும் அந்தத் தகுதி போதும் என்றிருந்தது. இருந்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பள்ளியிலிருந்து கல்லூரிக்கு மாற ஒரு வருடமாவது ஆகும் என்று கல்லூரி ஒப்புக்கொண்டிருந்த காலம் அது.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பைப் பள்ளியிலேயே முடிக்கச் சொன்னவர்களில் நம் திருத்தணிக்காரரும் ஒருவர். 1948இல் அமைத்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்துக்கு ராதாகிருஷ்ணன் தலைவர். பன்னிரண்டு வருடப் படிப்புக்குப் பிறகுதான் பல்கலைக்கழகத்துக்குள் வர வேண்டும் என்றது அதன் 1949 அறிக்கை. பின்னால் கோத்தாரி ஆணையம் 1964–66இல் அதே திசையில் பேச, தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ வந்தது, புகுமுக வகுப்பு போயிற்று. தயாராகும் வேலை பள்ளிக்கூடத்துக்கு மாறியது. ஆனால் ராதாகிருஷ்ணன் அறிக்கை அதோடு நிற்கவில்லை. இணைப்புக் கல்லூரியில் 1500 மாணவருக்கு மேல் கூடாது, தேர்வு நாள் நீங்கலாக வருடத்துக்கு 180 வேலை நாள் வேண்டும், மாணவர் நலனுக்கென்று தனி அமைப்பு வேண்டும், மலிவு விலையில் மதியச் சாப்பாடு வேண்டும் என்றெல்லாம் எழுதியது. பன்னிரண்டு வருடத்தை எடுத்துக்கொண்டோம். சாப்பாட்டை விட்டுவிட்டோம். காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் ஒரு கனகம்மாசத்திரத்துப் பிள்ளைக்கு இரண்டில் எது அவசரம் என்று எந்தக் கமிட்டியும் அவனிடம் கேட்கவில்லை.

வாசல் காலியாக இருந்தால் யாராவது வந்து நின்றுகொள்வார்கள். இந்த வழித்தடத்தில் அப்படி வந்து நின்றது ‘ரூட்டு’.

சென்னையின் சில பெரிய கல்லூரிகளுக்குத் திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி என்று பல ஊர்களிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் போகிற மாணவர்கள், வழிக்கு ஒரு கூட்டமாகச் சேர்வது பல வருட வழக்கம். ஒவ்வொரு வழிக்கும் ஒரு ‘தல’. பெட்டியின் பலகையைத் தட்டிக் கானா. வெளியூரார் இதை ரவுடித்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். முதல் வாரம், ஜன்னலோரம் பேச்சில்லாமல் நிற்கும் பையனிடம் ஒருவன் வருகிறான்.

“தம்பி, எந்த ஊரு?”

“சத்திரம்ணா. திருத்தணிகிட்ட.”

“எந்த காலேஜு?”

சொல்கிறான்.

“அப்ப நீ நம்ம ரூட்டுடா. இப்படி வா.”

கல்லூரி முதல் மாதத்தில் அவனுக்குக் கொடுத்தது ஒரு ரோல் நம்பர். இந்த அண்ணன்கள் பெயரைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள், எந்த வாத்தியார் நல்லவர், எந்த ஆபீசில் எந்தக் கிளார்க்கைப் பார்க்க வேண்டும், மதியம் எங்கே மலிவாகச் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நோட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் நாலு பேர் வீட்டுக்கே வந்தார்கள். ராதாகிருஷ்ணனுக்குக் கிடைத்த அண்ணனிடமிருந்து இவர்கள் அந்த மட்டில் வேறுபட்டவர்கள் அல்ல. விலை பிறகு தெரிகிறது. வேறு கல்லூரி ரூட்டு எதிரி ரூட்டு. படிக்கட்டில் தொங்குவது, தண்டவாளத்துக் கல்லைப் பொறுக்குவது, ஒரு நாள் பைக்குள் கத்தி. 2024 அக்டோபரில், திருத்தணிப் பக்கத்திலிருந்து மாநிலக் கல்லூரிக்குப் போய்வந்த ஒரு முதலாண்டு மாணவர், சென்னை சென்ட்ரல் ரயில் நிலைய வட்டாரத்தில் வேறு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டுச் சில நாளில் இறந்துபோனார். பத்தொன்பது வயது. கல்லூரியில் சேர்ந்து நாலு மாதம்கூட முழுசாக ஆகியிருக்காது.

இதற்கு முன்பும் ஒரு முதலாண்டு மாணவரின் மரணம் இந்த மாநிலத்தை உலுக்கியிருக்கிறது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், தேவையான சட்டம். இன்றும் சேர்க்கையின்போது அப்பாவும் பிள்ளையும் ராகிங்குக்கு எதிரான உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறார்கள். புதியவனை யார் தொடக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. யார் கையைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்லவும் முடியாது. 2019இல் யு.ஜி.சி. ‘தீக்ஷாரம்ப்’ என்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது, புதிதாகச் சேர்ந்தவர்களைச் சில நாள் கல்லூரியோடு பழக்குவதற்கு. பல இடங்களில் அது ஆடிட்டோரியத்தில் பவர்பாயிண்ட்டாக முடிகிறது. குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர், நன்றியுரை. நன்றியுரைக்குள் திருவள்ளூர் லோக்கல் போய்விடும்.

வழிப்போக்கனை வரவேற்கும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திருத்தணிக்கும் திருப்பதிக்கும் நடந்துபோனவர்களுக்காக இந்தச் சாலையில் சத்திரங்கள் இருந்தன. ஊர்ப்பெயரிலேயே ஒன்று நிற்கிறது. தஞ்சைப் பக்கம் ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் காலத்துச் சத்திரத்தோடு மாணவர் விடுதி இருந்தது, நீதிக்கட்சியின் ஏ.டி. பன்னீர்செல்வம் மாவட்டக் கழகத்தின் (ஜில்லா போர்டின்) தலைவராக இருந்தபோது அங்கும் ராஜாமடத்திலும் பிராமணரல்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்க வழி திறந்தது. சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா விடுதியிலிருந்து கிளம்பிப் பட்டம் வாங்கிய ஆதிதிராவிட மாணவர்களின் கதையை யாராவது முழுசாக எழுத வேண்டும். விடுதிச் சோறு மோசம், மூட்டைப்பூச்சி, மூன்று பேர் அறையில் எட்டுப் பேர் என்று அவர்கள் எல்லோரும் குறை சொல்வார்கள். அந்த எட்டில் ஒருவன் மூன்றாம் வருடம் படிக்கிறவனாக இருந்தான் என்பதையும் சொல்வார்கள். ரயிலில் போய்வரும் பிள்ளைக்கு அந்த அறை கிடையாது. தினம் நாலு, ஐந்து மணி நேரம் அவன் இருப்பது பெட்டியில். அவனுடைய விடுதி அதுதான், வார்டன் இல்லாத விடுதி.

ரூட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பையன்களோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்ட் ஒன்று ஓடுகிறது. அங்கே தல இல்லை, எதிரி இல்லை. நர்ஸ், டெய்லர், தலைமைச் செயலகத்தில் டைப்பிஸ்ட், பூ மூட்டையோடு கோயம்பேடு போகிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், நடுநடுவே கல்லூரிப் பெண்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று, ராதாகிருஷ்ணன் பிறந்தநாளில், தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அந்தப் பணத்தில் சீசன் டிக்கெட்டும் மதியச் சாப்பாடும் கட்டுப்படியாகின்றன. சில வீடுகளில் கல்யாணப் பேச்சு மூன்று வருடம் தள்ளிப்போகிறது. ஆனால் பணம் வந்து சேர வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும், கல்லூரியில் உரிய ஆளைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் முதலாண்டுப் பெண்ணுக்குச் சொல்வது பெரும்பாலும் இந்தப் பெட்டிதான்.

“லிங்க் பண்ணிட்டியாம்மா?”

“பேங்க்ல நாளைக்கு வரச் சொன்னாங்கக்கா.”

“நாளைக்கு வரச் சொன்னா நாளைக்கே போ. லீவு போட்டாவது போ. அப்புறம் தீபாவளி வந்துடும்.”

எதிர் சீட்டில் கொண்டைக்கடலை உரித்துக்கொண்டிருக்கும் அம்மாள், “என்ன குரூப்பு நீ?” என்பார். கெமிஸ்ட்ரி என்று பதில் வரும். பக்கத்தில் நிற்கும் இரண்டாம் வருடத்துப் பெண் காதிலிருந்து இயர்போனைக் கழற்றுவாள்.

“கெமிஸ்ட்ரின்னா, அல்லைட்ல மேத்ஸ் வரும். அதை விட்டுடாத. மேஜர்ல எல்லாரும் பாஸ் பண்ணிடுவாங்க, மாட்டுறது அல்லைட்லதான். என் நோட்டு இருக்கு, திங்கக்கிழமை எடுத்துட்டு வரேன். நீ எந்த ஸ்டேஷன்ல ஏறுவ?”